எழுதி வைத்தால்தான் இயந்திரம் கேட்கும்

"எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?" என்ற பழமொழியை வணிகர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பேரேட்டில் ஏறாத பற்று பேச்சோடு போய்விடும் என்பது நாம் அனுபவத்தில் கண்டது. ஆனால் எழுதி வைக்க வேண்டியவை சரக்கும் பணமும் மட்டும்தானா? கடைக்கு வருகிறவர் எப்படிக் கேட்கிறார், எப்படிப் பணம் கொடுக்கிறார், எந்த இடத்தில் தயங்குகிறார் என்பதையும் எழுதி வைக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. இதைக் கேட்டுச் சிலர் சிரிக்கலாம். முழுவதும் படித்துவிட்டுச் சிரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இன்று நமக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவே இயந்திரங்கள் வந்துவிட்டன. பில் போடும் கணினி, எலக்ட்ரானிக் தராசு, கியூ.ஆர். அட்டை, பணம் வந்து சேர்ந்ததைச் சொல்லும் ஒலிப்பெட்டி, ரேஷன் கடையில் விரல்ரேகை பார்க்கும் கருவி என்று பட்டியல் நீளுகிறது. இவை ஒவ்வொன்றிலும் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், எதை முதலில் கேட்க வேண்டும், தவறாக அழுத்தினால் என்ன சொல்ல வேண்டும் என்பதை எங்கோ ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார். அப்படி முடிவு செய்வதும், செய்த முடிவை மற்றவர்களுக்குப் புரியும்படி எழுதி விளக்குவதும் இன்று தனித் தொழிலாகவும் தனிப் படிப்பாகவும் வளர்ந்திருக்கின்றன. ஆங்கிலத்தில் இதை 'இண்டராக்ஷன் டிசைன்' என்கிறார்கள். மனிதரும் கருவியும் ஒருவரோடொருவர் பழகும் முறையை வகுப்பது என்று நாம் பொருள் கொள்ளலாம்.

பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவர் குப்பங்களுக்குச் சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரிகளுக்கும், அங்கே கடை வைத்திருக்கும் சில்லறை வியாபாரிகளுக்கும் இந்தப் படிப்பால் என்ன பயன் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

செம்பிலிருந்து தொடங்கிய படிப்பு

'இண்டராக்ஷன் டிசைன்' என்ற பெயரை 1980-களின் நடுவில் பில் மாக்ரிட்ஜ், பில் வெர்பிளாங்க் என்ற இருவர் வைத்தனர். மாக்ரிட்ஜ், மூடித் திறக்கும் மடிக்கணினிகளில் முதன்மையான ஒன்றை 1982-ல் வடிவமைத்தவர். பெட்டியை எவ்வளவு அழகாகச் செய்தாலும், அதைத் திறந்தபின் திரையில் நடப்பதுதான் மனிதரைக் கட்டிப்போடுகிறது அல்லது விரட்டுகிறது என்பதை அந்த அனுபவத்தில் அவர் கண்டுகொண்டார்.

நம் நாட்டில் இந்தச் சிந்தனைக்கு அதைவிட வயது அதிகம். 1958-ல் இந்திய அரசின் அழைப்பின் பேரில் வந்த சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் ஓர் அறிக்கை கொடுத்தனர். அதில் அவர்கள் வியந்து எழுதியது நம் வீட்டுச் செம்பைப் பற்றி. எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், இடுப்பில் எப்படி உட்கார வேண்டும், ஊற்றும்போது எப்படிச் சாய வேண்டும், கழுவ எளிதாக இருக்கிறதா, என்ன விலை என்று ஒரு செம்புக்குள் எத்தனை யோசனைகள் அடங்கியிருக்கின்றன என்று எடுத்துக் காட்டினார்கள். அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1961-ல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1969-ல் பம்பாய் ஐ.ஐ.டி.யில் தொழில் வடிவமைப்பு மையம் வந்தது. 2007-ல் நம் சென்னைக்கு அருகிலேயே, மேலக்கோட்டையூரில், காஞ்சிபுரம் பெயரைத் தாங்கி வடிவமைப்பும் உற்பத்தியும் கற்பிக்கும் மத்திய அரசு நிறுவனம் அமைந்தது.

பம்பாய் மையத்தின் வேலையை நாம் எல்லோரும் கையால் தொட்டிருக்கிறோம். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவமைப்பில் அந்த மையத்து ஆசிரியர்களுக்குப் பங்கு உண்டு. சின்னத்துக்கு நேரே ஒரு நீலப் பொத்தான். அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும், நீண்ட ஒலி கேட்கும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் தம் வாக்கு விழுந்துவிட்டது என்று கண்ணாலும் காதாலும் அறிந்துகொண்டு வெளியே வருகிறார். அதே மையத்தில் ஆய்வு செய்த தமிழர் உதயகுமார் வரைந்த ரூபாய்க் குறியீட்டை 2010 ஜூலையில் மத்திய அரசு ஏற்றது. அது இன்று நம் பில் புத்தகம் ஒவ்வொன்றிலும் இருக்கிறது.

கடற்கரை கற்றுத் தந்த பாடங்கள்

தகவல் சரியாக இருப்பது வேறு. அது உரியவருக்கு உரிய விதத்தில் போய்ச் சேருவது வேறு. இந்த வேறுபாட்டைக் கடற்கரையைப் போலத் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை.

துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று முதல் பதினொன்று வரை எண்கள். பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் அதையே சொல்லும். மொழி தெரியாத மாலுமிக்கும் புரியும். எட்டு முதல் பத்து வரை பெரும் அபாயம். பதினோராம் எண் எதற்கு என்று பலருக்குத் தெரியாது. வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்பதற்கான அறிவிப்பு அது. செய்தி வரவில்லை என்பதையும் ஒரு செய்தியாகச் சொல்ல வேண்டும் என்று அந்த முறையை வகுத்தவர்கள் யோசித்து, எழுதியும் வைத்திருக்கிறார்கள். நமது கடையில் இன்டர்நெட் போனால் எந்தக் கருவியாவது இவ்வளவு தெளிவாகச் சொல்கிறதா? சக்கரம்தான் சுற்றிக்கொண்டிருக்கும்.

அடுத்தது புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் அப்பகுதிக் கிராமங்களில் தகவல் மையங்களை நடத்தியது. அமெரிக்கக் கடற்படையின் இணையத்தில் வெளியாகும் அலை உயரக் கணக்கை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கி மூலம் கடற்கரையில் சொன்னார்கள். மீனவர் கணினியைத் தேடிப் போகவில்லை. அவர் வலை பின்னிக்கொண்டிருந்த இடத்துக்கே செய்தி வந்தது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது வீராம்பட்டினத்திலும் நல்லவாட்டிலும் அந்த ஒலிபெருக்கிகள்தான் மக்களை விரைந்து வெளியேறச் சொல்லி உயிர்களைக் காத்தன. நல்லவாட்டுக்குச் செய்தி வந்ததோ சிங்கப்பூரிலிருந்து அவ்வூர்க்காரர் ஒருவர் செய்த தொலைபேசி அழைப்பின் மூலம். தினமும் பழகிய கருவி என்பதால்தான் ஆபத்து நேரத்தில் கை தானாக அதை நாடிப் போயிற்று.

ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம், செயற்கைக்கோள் காட்டும் கடல் வெப்பத்தையும் பாசிப் பச்சையத்தையும் வைத்து மீன் கூடும் இடங்களைக் கணித்து வெளியிடுகிறது. அந்த அறிவிப்பில் வெறும் அட்சரேகை, தீர்க்கரேகை மட்டும் இருந்தால் எத்தனை பேருக்குப் பயன்படும்? கரையில் தெரிந்த ஓர் இடத்திலிருந்து எந்தத் திசை, எவ்வளவு தொலைவு, எவ்வளவு ஆழம் என்றும் சொல்கிறார்கள். மீனவர் கணக்குப் போடும் முறையிலேயே செய்தி வருகிறது.

வியாபாரிகள் நினைவில் வைக்க வேண்டிய கணக்கு ஒன்றும் உண்டு. கேரளத்தின் வடபகுதிக் கடற்கரையில் 1997 முதல் செல்போன் பரவியது. மத்தி மீன் பிடித்தவர்கள் படகிலிருந்தே பல ஊர் ஏலக்கூடங்களை விசாரித்து, விலை இருக்கும் கரைக்குப் போனார்கள். இதை ஆராய்ந்த ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் 2007-ல் முடிவை வெளியிட்டார். மீனவர் லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது. வாங்குவோருக்கு விலை சுமார் 4 சதவீதம் குறைந்தது. விற்காமல் கொட்டப்பட்ட மீன் இல்லாமலே போயிற்று. இத்தனைக்கும் யாருக்கும் புதிதாக எதுவும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. எண்ணை அழுத்தினால் ஆள் பேசுவார், அவ்வளவுதான்.

பழவேற்காட்டின் தனிக் கணக்கு

சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. எதிரே ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவும் நாளில் அப்பகுதிக் கடலுக்குப் போகக் கூடாது என்று குப்பங்களுக்குச் சொல்லப்படும். முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் படகு போய்வர முடியாமலும், ஏரியில் இறால் வரத்துக் குறைந்தும் குடும்பங்கள் தவிக்கும். புயல் என்றால் கேட்கவே வேண்டாம். ஆகவே இங்கே மளிகைக்கடைப் பற்று, மாதச் சம்பளக்காரர் ஊரைப் போல முதல் தேதிக்கு முதல் தேதி தீராது. தொழில் நடந்தால் மறுநாளே வரும். நடக்காவிட்டால் நிற்கும். நின்ற கணக்கு போன கணக்கு அல்ல என்பது இரண்டு பக்கமும் தெரிந்த விஷயம்.

இந்த ஊர்களுக்கு முறை வகுத்து வாழ்வது புதிதல்ல. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம் முதலிய ஊர்களில் 'பாடு' என்ற வழக்கம் நெடுநாளாக உண்டு. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடலாம் என்பது முறை வைத்துச் சுற்றி வரும். இடம் சீட்டுக் குலுக்கித் தீர்மானமாகும். அதில் உரிமை இல்லாத ஊர்களுக்கு மனக்குறை உண்டு என்பதும் உண்மை. ஆனாலும் உரிமை உள்ளவர்களுக்குள் சுமாரான இடம் கிடைத்தவரும் அதை ஏற்றுக்கொள்கிறார். காரணம், சீட்டு எல்லோர் கண்முன்னும் எடுக்கப்படுகிறது. விதி என்ன என்பது குழந்தைக்கும் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாமல் முடிவு செய்யும் இயந்திரத்தை அதே மக்கள் நம்ப மறுத்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இதற்கு எங்கள் கடையில் நடந்த ஒன்றையே சொல்லலாம். பொன்னேரிப் பக்கம் மொத்த வியாபாரம் செய்யும் நாங்கள் ஒரு கம்பெனியிடம் பில் போடும் மென்பொருள் வாங்கியிருந்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. படகும் வலையும் சேதமாகி, குப்பத்துச் சில்லறைக் கடைகளில் பற்று ஏறியது. அதனால் அவர்கள் நமக்குத் தர வேண்டியதும் நின்றது. அந்த வாரத்தில் மென்பொருள் தானாகவே அத்தனை கடைக்காரர்களின் செல்போனுக்கும் "தவணை கடந்துவிட்டது, உடனே செலுத்தவும்" என்று அனுப்பியிருக்கிறது. அப்படி ஒரு வசதி உள்ளே இருப்பதை விற்றவர்களும் சொல்லவில்லை. அவர்கள் கொடுத்த கையேட்டிலும் ஒரு வரி இல்லை.

இருபது வருஷமாக எங்களிடம் சரக்கு எடுக்கும் ஒரு கடைக்காரர் மறுநாள் வந்தார். வெளியில் கைமாற்று வாங்கிய பணத்தை எண்ணி வைத்தார். "அண்ணாச்சி, நீங்க வாயால கேட்டிருந்தா பத்து நாள் பொறுங்கன்னு சொல்லியிருப்பேன். மெஷினை விட்டுக் கேட்டீங்க. மெஷினுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார். எவ்வளவு சமாதானம் சொல்லியும் கேட்கவில்லை. கணக்கைத் தீர்த்துவிட்டு வேறு இடத்தில் சரக்கு எடுக்கத் தொடங்கினார்.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பார்கள். கருவி சரியாக வேலை செய்யவில்லை என்று நாம் சொன்னால் கம்பெனிக்காரர்களும் அதைத்தான் நினைக்கிறார்கள். ஆனால் சில சமயம் கூடமே கோணலாகத்தான் இருக்கிறது. 1980-களில் ஜெராக்ஸ் கம்பெனியின் சொந்த ஆய்வகத்திலேயே, அந்தக் கம்பெனியின் நகல் இயந்திரத்தில் தாளின் இருபுறமும் பிரதி எடுக்கத் தெரியாமல் இரண்டு கணினி விஞ்ஞானிகள் திண்டாடியதைப் படம் பிடித்துக் காட்டினார் லூசி சச்மன் என்ற ஆய்வாளர். விஞ்ஞானிகளுக்கே அந்தக் கதி என்றால் குறை எங்கே இருக்கிறது என்று கம்பெனி யோசிக்க வேண்டியதாயிற்று. வாயால் சொன்ன புகாரைவிடப் பதிவு செய்து காட்டிய சாட்சிக்கு வலு அதிகம்.

நான்கு பக்கம் எழுதியதால் வந்த மாற்றம்

எங்கள் கடையில் கணக்கு எழுதும் பெண் செய்ததும் அதுதான். கம்பெனிக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பதற்குப் பதிலாக, ஒரு நோட்டில் நான்கு பக்கம் எழுதினார். முதல் பக்கத்தில், எங்களிடம் வாங்கும் கடைக்காரர் யார், அவர் யாருக்கு விற்கிறார், எப்போது பணம் வரும், எப்போது வராது. இரண்டாம் பக்கத்தில், சரக்குக் கேட்பது முதல் பணம் தீருவது வரை நடப்பவை வரிசையாக. மூன்றாம் பக்கத்தில், திரை எப்படி இருந்தால் தேவலை என்று பென்சிலால் போட்ட படம். நான்காம் பக்கத்தில், என்னென்ன கோளாறு நேரலாம், நேர்ந்தால் யாருக்கு, என்ன வார்த்தையில் சொல்ல வேண்டும் என்ற பட்டியல். நோட்டைப் படித்த பிறகுதான் கம்பெனியிலிருந்து ஒரு பையன் நேரில் வந்து மூன்று நாள் கடையில் உட்கார்ந்து பார்த்தான். இப்போது எங்கள் அனுமதி இல்லாமல் ஒரு செய்தியும் போவதில்லை. தொழில் நின்ற நாட்களைக் குறித்துவிட்டால் தவணைக் கணக்கும் அத்தனை நாள் நின்றுவிடும். போன கடைக்காரர் முழுதாகத் திரும்பவில்லை. அரிசி மட்டும் எங்களிடம் எடுக்கிறார்.

பிறகு விசாரித்ததில், அந்தப் பெண் தன் போக்கில் எழுதிய நான்கு பக்கத்தைத்தான் வடிவமைப்புக் கல்லூரிகளில் முறையாகக் கற்பிக்கிறார்கள் என்று தெரிந்தது. முதலில் பார்த்துக் குறிப்பெடுத்தல்: நாம் என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வதும் உண்மையில் கை செய்வதும் வேறாக இருக்கும், ஆகவே நேரில் பார்க்க வேண்டும். அடுத்து, பயன்படுத்துகிறவர் இன்னார் என்று ஒரு பக்கத்தில் எழுதுதல். அடுத்து, நடப்பதைப் படக்கதை போல வரிசையாக வரைதல். பின்னர் காகிதத்திலேயே திரையை வரைந்து, சிலரிடம் கொடுத்து விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்லுதல். இதற்கு ஆயிரம் பேர் வேண்டாம். ஐந்து பேரிடம் சோதித்தாலே குறைகளில் சுமார் 85 சதவீதம் வெளிப்பட்டுவிடும் என்று ஜேக்கப் நீல்சன் என்ற நிபுணர் 2000-ல் எழுதினார். கடைசியாக, ஒவ்வொரு பொத்தானும் என்ன செய்யும், தவறு நேர்ந்தால் என்ன நடக்கும் என்பதைத் தேதி போட்டு எழுதி, செய்கிறவர், விற்கிறவர், பணம் போடுகிறவர் ஆகிய எல்லோருக்கும் விளக்கிச் சொல்லுதல். இந்தக் கடைசிப் படிதான் கடினம் என்கிறார்கள். நல்ல யோசனை பாதி வழியில் சாவது பெரும்பாலும் இங்கேதான்.

நம் பழவேற்காட்டுக்கு இது முற்றிலும் அந்நியமும் அல்ல. 1613-ல் இங்கே கோட்டை கட்டிய டச்சுக்காரர்கள் சோழமண்டலத் துணியைக் கிழக்குத் தீவுகளுக்குக் கொண்டுபோய் விற்றார்கள். எந்தத் தீவில் எந்தப் பூவும் கரையும் விலை போகும் என்பதை மாதிரித் துணி அனுப்பித் தெரிவித்தார்கள். பாஷை தெரியாத இரண்டு பேருக்கு நடுவே அந்த மாதிரித் துணியே ஒப்பந்தமாக இருந்தது.

நல்ல கருவியை அடையாளம் காண்பது எப்படி?

எல்லாக் கருவியும் கோணல் என்று நான் சொல்லவில்லை. எலக்ட்ரானிக் தராசில் இரண்டு பக்கமும் எண் தெரிகிறதே, அது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே நேரத்தில் பதில் சொல்லும் ஏற்பாடு. யு.பி.ஐ. 2016-ல் வந்தது. அதன் பிறகு சிலர் பொய்யான திரைப்படத்தைக் காட்டிப் பணம் கட்டியதாக ஏமாற்றினார்கள். நெரிசலில் நாம் ஒவ்வொரு முறையும் செல்போனை எடுத்துப் பார்க்க முடியாது. மீன் விற்கும் அம்மாவுக்கோ கை எப்போதும் ஈரம். பணம் வந்ததைத் தமிழில் உரக்கச் சொல்லும் ஒலிப்பெட்டி அந்தச் சிக்கலைத் தீர்த்தது. பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்காக 2022 மார்ச்சில் யு.பி.ஐ. 123பே வந்தது. இவையெல்லாம் யாரோ கடை வாசலில் நின்று பார்த்ததால் வந்தவை. மாறாக, கயிறும் துடுப்பும் தேய்த்த விரலில் ரேகையைத் தேடும் கருவி, அந்த விரலைப் பார்க்காமல் செய்தது.

ஆகவே கடைக்குக் கருவியோ மென்பொருளோ விற்க வருகிறவரிடம் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். ஒன்று, எங்களைப் போன்ற கடையில் உட்கார்ந்து பார்த்துச் செய்ததா? இரண்டு, இது தானாகச் செய்யும் காரியங்கள் என்னென்ன? தமிழில் எழுதிக் கொடுப்பீர்களா? மூன்று, கரண்டோ இன்டர்நெட்டோ போனால் என்ன காட்டும், பாதியில் நின்ற கணக்கு என்ன ஆகும்? நான்கு, மாற்றம் செய்தால் முன்கூட்டியே தேதி போட்டுத் தெரிவிப்பீர்களா? பதில் எழுத்தில் வராவிட்டால் பணத்தை எண்ணாதீர்கள்.

கடைகளில் கணக்குப் பார்க்கும் பிள்ளைகளுக்கு நமது சங்கம் இரண்டு நாள் பயிற்சி ஏற்பாடு செய்யலாம். முதல் நாள் ஒரு கடையில் உட்கார்ந்து பார்த்துக் குறிப்பெடுக்கட்டும். மறுநாள் அதை நான்கு பக்கமாக எழுதி, எழுந்து நின்று விளக்கட்டும். வடிவமைப்புக் கல்லூரி ஆசிரியர் ஒருவரை அழைத்துத் திருத்தச் சொல்லலாம். ஒரு நோட்டும் பென்சிலும்தான் செலவு. மேற்படிப்புக்கு விரும்பும் பிள்ளைகள் பட்டப்படிப்புக்குப் பின் அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் வடிவமைப்பு முதுநிலைப் படிப்பில் சேரலாம். குப்பத்துப் பள்ளியில் படித்த பிள்ளை அங்கே போனால், வலையும் கடனும் முகத்துவாரமும் என்னவென்று தெரிந்த ஒருவர் நாளைய கருவிகளைச் செய்யும் இடத்தில் இருப்பார்.

அதுவரை, உங்கள் கடையில் நடப்பதை உங்களைத் தவிர வேறு யாராலும் எழுத முடியாது. இந்த வாரம் கடை எடுத்து வைத்த பிறகு அரை மணி நேரம் ஒதுக்கி, ஒரு பற்று உங்கள் கடையில் பிறந்து தீருவது வரை நடப்பவற்றை வரிசையாக எழுதிப் பாருங்கள். எழுதியதைச் சங்க அலுவலகத்துக்கு அனுப்பி வைத்தால், பயிற்சி தொடங்கும் நாளில் அதுவே முதல் பாடமாக இருக்கும்.